கருவிப்பெட்டி: பேஸ் கிற்றாரின் குதிரை

கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்க் கோயிலின் பாடகர் குழுவிடம் பழைய பேஸ் கிற்றார் ஒன்று இருக்கிறதாம். தந்திகளைத் தாங்கும் இரும்புத் தகடு கறள் பிடித்து, திருகாணிகள் இறுகிப்போய், சுருதி சேர்த்தாலும் மேற்சுரங்கள் பிசகுகின்றனவாம். பட்டணத்துக் கடையில் காட்டியபோது, திருத்த முடியாது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார்கள். “நான் றேடியோ திருத்தப் பயிற்சி பெற்றவள். சங்கீதம் தெரியாது. ஷெல் விழுந்த நாளிலிருந்து இடது காதும் சரியாகக் கேட்பதில்லை. இந்த வேலையை நான் பொறுப்பெடுக்கலாமா?” என்று கேட்கிறார்.

தாராளமாக எடுக்கலாம். இது அளவெடுத்துத் திருகாணி முடுக்கும் வேலை. காதுக்கு உள்ள பங்கு மிகக் குறைவு. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீணையிலும் வயலினிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் பாகத்தை நாம் குதிரை என்போம். கிற்றார்க் கடையில் அதனையே பிறிட்ஜ் என்று கேட்க வேண்டும். பேஸ் கிற்றார் என்பது குழுவில் கீழ்ச்சுரம் வாசிக்கும் கருவி. பெரும்பாலும் நான்கு தந்திகள்; தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று பெயர். இன்று நாம் காணும் வடிவத்தை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ பெண்டர் என்பவர் 1951 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய முதற் கருவிகளில் குதிரையின் மேல் இரண்டே தாங்கிகள். ஒரு தாங்கியில் இரண்டு தந்திகள் இருந்ததால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது பிசகும். 1957 இலேயே நான்கு தந்திக்கும் நான்கு தனித் தாங்கிகள் வந்தன. கடைக்காரர்கள் அவற்றைச் சடில் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குச் சேணம் என்று பொருள். குதிரைக்குச் சேணம் பொருத்தம்தான்.

இப்போது விற்பனைக்கு வரும் மலிவான கருவிகளிற் பெரும்பாலானவை அந்த 1957 ஆம் ஆண்டு அமைப்பையே பின்பற்றுகின்றன. முழங்கையாக வளைத்த ஓர் இரும்புத் தகடு. அதனைப் பலகையோடு பிடிக்கும் மரத்திருகாணிகள், அநேகமாக ஐந்து. தகட்டின் மேல் நான்கு சடில்கள். ஒவ்வொரு சடிலையும் முன்னும் பின்னும் நகர்த்தப் பின்னாலிருந்து ஒரு நீண்ட திருகாணியும் அதைச் சுற்றி ஒரு ஸ்பிறிங்கும் இருக்கும். உயர்த்தவும் தாழ்த்தவும் மேலிருந்து இரண்டு மிகச் சிறிய தலையில்லாத் திருகாணிகள். கறள் முதலில் பிடிப்பது இந்தச் சிறியவற்றைத்தான். உப்புக்காற்றும் வாசிப்பவரின் கை வியர்வையும் சேர்ந்தால் இரண்டு மாரி போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிய குதிரை வாங்குவது கடைசி வழி. 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்ததன் பின்னர் இறக்குமதிச் சாமான்களின் விலை என்னவானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகடு வளையாமலும் வெடிக்காமலும் இருந்தால், கறள் எடுத்து, இரண்டொரு சிறு திருகாணி மாற்றினாலே பெரும்பாலான குதிரைகள் மீண்டும் வேலை செய்யும். “முழுவதும் மாற்ற வேண்டும்” என்று சொல்வது கடைக்கு இலகு. திருத்துபவருக்கு அது அழகல்ல.

வேலை தொடங்கும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கருவியை ஒன்று, குதிரையைக் கிட்டவாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சடில்கள் நான்கும் எங்கே நின்றன என்பதை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஏற்கனவே இருந்த கீறலுக்கு உங்களிடம் காசு கேட்கும் நாளில் இந்தப் படங்கள் பேசும்.

அடுத்தது தந்திகளைத் தளர்த்துவது. நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் கழுத்தை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. குறட்டால் வெட்டிவிட்டால் தந்தி துள்ளிக் கண்ணில் அடிக்கலாம், கழுத்துக்கும் நல்லதல்ல. தலைப்பக்கத்துப் பிருடைகளைச் சிறிது சிறிதாக, நான்கையும் மாறி மாறித் தளர்த்துங்கள். பேஸ் தந்தி விலை கூடியது. நல்ல நிலையில் இருந்தால் சுருட்டிக் கட்டி வைத்துத் திரும்பவும் போடலாம்.

தந்தி கழன்றதும் மரத்திருகாணிகளைக் கழற்றித் தகட்டை மெதுவாகத் தூக்குங்கள். சடக்கென்று இழுக்க வேண்டாம். பெரும்பாலான கருவிகளில் தகட்டின் கீழ் ஒரு சிறு துளையிலிருந்து மெல்லிய வயர் ஒன்று வந்து, தோல் உரித்த நுனியுடன் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். இது ஏர்த் வயர். வாசிப்பவர் தந்தியைத் தொட்டவுடன் அம்பிளிபயரில் இரைச்சல் குறைவது இதனால்தான். தச்சு வேலை மட்டும் தெரிந்த பலர் இந்த வயரைக் கவனிக்காமல் மடித்துவிடுகிறார்கள், அல்லது அதன் மேல் வார்னிஷ் பூசிவிடுகிறார்கள். பிறகு இரைச்சல் தாங்க முடியாமல் பிக்கப்பை மாற்றச் சொல்லிச் செலவு வைப்பார்கள். றேடியோ திருத்தத் தெரிந்த நம் வாசகிக்கு இங்கே கை முந்தும். வயர் நுனியை மினுக்கி, தகட்டின் அடியில் அது தொடும் இடத்தையும் மண்கடதாசியால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்ய வேண்டும். வேலை முடிந்தபின், கருவியை எதிலும் இணைக்காமல் வைத்து, மல்ரிமீற்றரின் ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை வயர் செருகும் வாயின் வெளி உலோகத்திலும் வைத்தால் தொடர்பு காட்ட வேண்டும்.

இதிலே ஓர் அபாயமும் உண்டு. தந்திகள் இந்த வயர் மூலம் அம்பிளிபயரின் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. அம்பிளிபயரிலோ மண்டபத்தின் மின் இணைப்பிலோ ஏர்த் பழுதென்றால் வாசிப்பவருக்குக் கரண்ட் அடிக்கும். ஒலிவாங்கியில் உதடு படும்போது சுரீரென்கிறது என்று யாராவது சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். கிற்றாரின் ஏர்த் வயரை வெட்டிவிடுவது அதற்குப் பரிகாரம் அல்ல. அந்த இணைப்பில் வாசிப்பதை நிறுத்தி, மின்னிணைப்பாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனிக் கறள். சடில்களைக் கழற்றும்போது எந்தத் தந்தியின் சடில், எந்த ஸ்பிறிங் என்று கலந்துவிடாமல் வைக்க முட்டைத் தட்டு நல்ல உதவி. ஒரு குழிக்கு ஒரு தந்தியின் சாமான். இறுகிய சிறு திருகாணிக்குத் தையல் மெஷின் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஒரு துளி விட்டு இரவு முழுவதும் விடுங்கள். கருவியிலிருந்து கழற்றிய பின்பே இதைச் செய்ய வேண்டும். எண்ணெய் மரத்தில் ஊறினால் பிறகு பசையும் பிடிக்காது, திருகாணியும் நிற்காது. அடுப்படியில் வைத்துச் செய்யவும் வேண்டாம். காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, சரியான அளவு அலன் கீயைப் போட்டு, முதலில் முடுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்து, பிறகு தளர்த்துங்கள். ஆசிய நாடுகளில் செய்யப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் கீ பொருந்தும். அமெரிக்காவில் செய்தவை அங்குலக் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயைப் போட்டுத் திருகினால் உள்வாய் வட்டமாகிவிடும், பின்பு எந்தக் கீயும் பிடிக்காது. அவசரப்பட்டு வேலையைக் கெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள். அசையாவிட்டால் இன்னொரு துளி விட்டு, இன்னோர் இரவு பொறுங்கள்.

கழன்ற இரும்புச் சாமான்களைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வினாகிரியில் அரை மணித்தியாலம் போட்டு, பழைய பற்தூரிகையால் தேய்த்தால் கறள் உதிரும். வெள்ளி போல மினுங்கும் முலாம் பூசிய தகட்டை அதிக நேரம் ஊறவிட்டால் முலாம் உரியும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரிலும் அலசி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, எண்ணெய் தொட்ட சீலைத் துண்டால் ஒருமுறை துடைத்தெடுங்கள். மரத்தில் படும் அடிப்பக்கத்தை மட்டும் எண்ணெயின்றித் துடைத்துவிடுங்கள். சடிலில் தந்தி அமரும் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். கூரான விளிம்பு இருந்தால் தந்தி அங்கேதான் அறும். மெல்லிய மண்கடதாசியால் மழுக்கிவிட்டால் போதும்.

சில கருவிகளில் கறளைவிடப் பெரிய கோளாறு மரத்தில் இருக்கும். மரத்திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. தந்தி முடுக்கும்போது தகட்டின் பின்பக்கம் கடதாசி நுழையும் அளவு மேலெழும்பும். துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நெருப்புக்குச்சியைச் செருகி முடுக்குவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் அது மென்மரம். இவ்வளவு இழுவைக்கு நெடுநாள் நிற்காது. தச்சுப்பட்டறையில் தேக்கு அல்லது வேறு வைரமரச் சிராய் கேட்டால் சும்மாவே தருவார்கள். துளைக்கேற்பச் சீவி, மரப்பசை தோய்த்து, இறுக்கமாகத் தட்டி இறக்கி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். மேலே நீட்டி நிற்பதை மட்டமாக வெட்டிவிட்டு, திருகாணியின் நடுத்தண்டைவிடச் சற்று மெல்லிய அலகால் புதுத் துளை போடுங்கள். திருகாணியின் புரியில் சவர்க்காரம் தேய்த்தால் மரம் வெடிக்காமல் இறங்கும். உடனே ஒட்டும் சுப்பர் பசையைத் துளைக்குள் ஊற்றித் திருகாணியைப் போடுகிறவர்களும் உண்டு. அடுத்த தடவை அதைக் கழற்றப் போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

தகடு வெடித்திருந்தால், அல்லது சடில் ஒன்று காணாமலே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். கடைக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். சட்டைக்கு அளவுக் கடதாசி வெட்டுவது போலச் செய்யுங்கள். பழைய தகட்டின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலின் பக்கத்தால் தேய்த்தால் விளிம்பும் துளைகளும் அப்படியே பதியும். அந்தக் கடதாசியில் தந்திக்குத் தந்தி உள்ள இடைவெளியையும் எழுதுங்கள். பெண்டர் வகைகளில் அது சுமார் 19 மில்லிமீற்றர். தந்தி தகட்டின் பின்பக்கத் துளையால் வருகிறதா, பலகையை ஊடறுத்துப் பின்னாலிருந்து வருகிறதா என்பதையும் எழுதுங்கள். புதிய தகட்டின் துளைகள் பழையவற்றோடு பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால் பழைய துளைகளை மேலே சொன்னபடி அடைத்து, புதிய இடத்தைக் குறிக்க வேண்டும். அப்போது கழுத்தின் தலைப்பக்கத்திலே தந்தி தாண்டும் சிறு தடுப்பிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்து, அதனை இரட்டிப்பாக்குங்கள். வழமையான கருவியில் 17 அங்குலமும் 34 அங்குலமும் வரும். மிக மெல்லிய ஜி தந்தியின் சடில், தன் ஓட்டத்தின் முன்பகுதியில் நிற்கும்போது அந்த 34 அங்குலத்தில் அமர வேண்டும். பின்னால் நகர இடம் இருக்க வேண்டும். இரண்டு ஓரத் தந்திகளும் கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்பதை நூல் பிடித்துப் பார்த்த பின்பே துளை போடுங்கள்.

தந்தி போட்டுச் சுருதிக்குக் கொண்டுவந்த பின்னர் உயரம். பதினேழாவது மெட்டின் மேல் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீற்றர் இருந்தால் பெரும்பாலானோருக்குப் பிடிக்கும். தடித்த தந்திக்குச் சற்றுக் கூட. மெட்டில் தட்டி இரைந்தால் உயர்த்துங்கள்.

இனி வாசகியின் காதுக்கு வருவோம். சடிலை முன்பின் நகர்த்துவது எதற்காக? பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் பாதி. அங்கே அழுத்தினால் திறந்த தந்தியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வர வேண்டும். ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுரம் கூடிவிடுகிறது. அதை ஈடுசெய்யத் தந்தியின் நீளத்தைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கிறது. தடித்த தந்திக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. ஆகையால் சரியாக அமைந்த குதிரையில் நான்கு சடில்களும் பெரும்பாலும் சாய்வான வரிசையில் நிற்கும். ஒரே நேர்கோட்டில் நின்றால் யாரோ அளக்காமல் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம்.

இந்தச் சோதனையை ரியூனர் என்ற சிறு கருவி கண்ணுக்குக் காட்டும். கைத்தொலைபேசிச் செயலியும் உண்டு. ஆனால் பேஸின் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகளே கொண்டது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தொலைபேசியின் ஒலிவாங்கி நன்றாகப் பிடிக்காது. கிற்றார் வயரை நேரடியாகச் செருகும் ரியூனர் ஒன்றை வாங்கி வைத்திருப்பது நல்லது. பன்னிரண்டாவது மெட்டின் நேர் மேலே விரலைத் தந்தியில் இலேசாக வைத்து மீட்டி எடுத்தால் மணி போல ஒரு சுரம் வரும். அதில் முள் நடுவில் நிற்கும்படி தந்தியைச் சேருங்கள். பிறகு அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். முள் கூடுதல் பக்கம் சாய்ந்தால் சடிலைக் கழுத்திலிருந்து தூர நகர்த்த வேண்டும். குறைவுப் பக்கம் சாய்ந்தால் கழுத்தை நோக்கி. நகர்த்துமுன் தந்தியைச் சிறிது தளர்த்துங்கள், நகர்த்தியபின் மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். பின்னுக்குப் போக ஸ்பிறிங் தடுத்தால் அதில் இரண்டு சுற்று வெட்டிவிடலாம். கருவியைப் படுக்கவைத்துப் பார்க்காமல் வாசிக்கும் நிலையில் மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். மிகப் பழைய தந்தியில் இந்த முள் ஒருநாளும் நிலைக்காது. அப்படியானால் புதுத் தந்தி போடச் சொல்லுங்கள், உங்கள் நேரம் மிஞ்சும்.

ஆக, முள் நடுவில் நிற்கிறதா இல்லையா என்பதைக் கண் சொல்கிறது. தந்தி மெட்டில் தட்டுகிறதா என்பதைப் பலகையில் வைத்த உள்ளங்கை சொல்லிவிடும். ஒரு காது குறைந்தவருக்கு இதில் எந்தத் தடையும் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் கால் இழந்த சகோதரிகளுக்கும் ஏற்றது. ஒரு கையில் வலுக்குறைந்தவர்கள் கருவியின் கழுத்தைச் சுருட்டிய துவாயின் மேல் வைத்து, உடலை மேசையோடு மெத்தென்ற துணி வைத்துக் கவ்வியால் பிடித்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இந்தக் கருவியோடு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கரோல் கே என்ற அமெரிக்கப் பெண்மணி வறுமையில் வளர்ந்தவர். 1949 இல், பதினான்கு வயதில், கிற்றார் கற்பித்து உழைக்கத் தொடங்கினார். 1963 இல் ஒலிப்பதிவு ஒன்றுக்குப் பேஸ் வாசிப்பவர் வராமற்போக, அவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதன் பின்னர் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். குதிரைக்குச் சற்று முன்னால் தந்திகளின் மேல் கம்பளித் துண்டொன்றை மடித்து ஒட்டிவைப்பது அவர் வழக்கம். சுரம் நீண்டு குழம்பாமல் தெளிவாக விழும். உங்களிடம் வருகிற பாடகர் குழுவின் பேஸ் மண்டபத்தில் முழங்கிக் குழம்புகிறதென்றால் காசில்லாத இந்த வைத்தியத்தைச் சொல்லிப் பாருங்கள். மற்றவர் அபிகெயில் இபாரா. 1956 இல் பெண்டர் தொழிற்சாலையிற் சேர்ந்து, பிக்கப்களுக்குக் கம்பி சுற்றியவர். 2013 வரை அங்கே வேலை செய்தார். அவர் கையால் சுற்றியவற்றை இன்று தேடி வாங்குகிறார்கள்.

காசு விடயத்தில் நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். இந்த வேலையில் சாமான் செலவு சொற்பம், நேரச் செலவுதான் அதிகம். எண்ணெய் ஊறும் இரவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கை வேலை செய்த மணித்தியாலங்களை எழுதிவைத்து, தையலுக்கு மணிக்கு என்ன கேட்பீர்களோ அதைவிடக் குறையாமல் கேளுங்கள். புதிய குதிரை வாங்க வேண்டியிருந்தால் அதன் விலையை முற்பணமாக வாங்கிய பின்பே பஸ் ஏறுங்கள். கோயில் வேலைக்குக் காசு வாங்க மனம் வரவில்லையென்றால் முதல் தடவை விட்டுக்கொடுக்கலாம். அப்போதும் துண்டில் முழுத் தொகையையும் எழுதி, அதன் கீழே அன்பளிப்பு என்று கழித்துக் காட்டுங்கள். அடுத்த முறை இன்னொரு குழு வரும்போது வேலையின் பெறுமதி அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கழற்றிய பழைய திருகாணிகளையும் சடில்களையும் ஒரு சிறு பையில் கட்டிக் கருவியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நத்தார்க் காலத்துக்குக் கருவி தேவையென்றால் கார்த்திகைக்கு முன்னரே கொண்டுவரச் சொல்லிவையுங்கள். மார்கழியில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பார்கள், பசை காய ஒரு நாள் தர மாட்டார்கள்.